கண்ணை மூடிக்கொண்டு ஏசினேன்

பிள்ளைகள் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவதில்லை என்று இங்கே இரண்டு மூன்று அம்மாக்கள் எழுதியிருந்தீர்கள். "அதட்டி உட்கார வைக்கவா, விட்டுவிடவா?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார்கள். எனக்குப் பதில் தெரியாது. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் தூத்துக்குடியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ட்ரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு பெங்களூரு, ஓசூர் என்று போனால் திரும்பி வர நான்கைந்து நாளாகும். நான் வீட்டிலேயே தைக்கிறேன். மகன், மகள், மாமியார். இதுதான் குடும்பம். நான் சொல்லப்போவது 2023-இல் நடந்தது. அப்போது மகன் பிளஸ் ஒன், மகள் நாலாம் வகுப்பு.

இரவு எட்டரை மணிக்கு ஜெபம். ஒரு கீர்த்தனை பாடுவோம், ஆளுக்கு இரண்டு வசனமாக ஒரு அதிகாரம் வாசிப்போம், பிறகு ஒவ்வொருவராக ஜெபிப்போம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். அத்தைக்கு இது மூச்சு மாதிரி. அவர்கள் பிறந்தது மெஞ்ஞானபுரம் பக்கம். பனங்காட்டுக்கு மேலே 192 அடி உயரத்தில் நிற்கிற அந்தக் கோயில் (சர்ச்) கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். சின்ன வயதில் பைபிளில் உள்ள சங்கீதங்களை மனப்பாடமாக ஒப்பித்தால்தான் வீட்டில் ராத்திரிச் சோறு கிடைக்குமாம். இன்றைக்கும் அவர்களுக்குப் புத்தகம் தேவையில்லை, நம்பரைச் சொன்னால் போதும்.

இன்னொரு பழக்கமும் அத்தையிடமிருந்து எனக்கு வந்தது. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும், களைவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்து, நம் ஊர் ஆட்கள் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஊழியத்துக்குப் போனார்கள். அந்த மாதிரி ஊழியங்களைத் தாங்கியதில் பெண்களின் பிடி அரிசிக்கும் பங்குண்டு என்று அத்தை சொல்வார்கள். கையில் காசே இல்லாத பெண்ணும் கொடுக்க முடிந்த காணிக்கை இது. எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம்.

சரி, ஜெபத்துக்கு வருகிறேன்.

நான் எப்படி ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை போனைப் பார்க்கிற கண்களை உம்மிடம் திருப்பும். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் 41 மார்க் வாங்கியிருக்கிறான் ஆண்டவரே. அவன் அப்பா ரோட்டில் படுகிற பாட்டை அவனுக்கு உணர்த்தும்." இதெல்லாம் தங்கச்சியும் ஆச்சியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான். ஆமென் என்று எல்லோரும் சொல்லியும் முடிப்பார்கள். பகலில் திட்டினால் எதிர்த்துப் பேசுவான். ஜெபத்தில் பேச முடியாதே. நான் தெரிந்தே அப்படிச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வசதி எனக்குப் பிடித்திருந்தது என்பது உண்மை.

அக்டோபரில் ஒரு நாள் ஆமென் சொன்னதும் அவன் எழுந்து நின்று கேட்டான்.

"அம்மா, நீங்க கடவுள்கிட்ட பேசல. என்கிட்டதான் பேசுறீங்க. என் மூஞ்சியப் பார்த்தே சொல்லிருங்களேன்."

மறுநாளிலிருந்து ஜெபத்துக்கு வரவில்லை.

பிள்ளை விசுவாசத்தை விட்டே போகிறான் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அழுதேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெண்கள் கூடுகையில் எழுந்து, என் மகனுடைய மனந்திரும்புதலுக்காக ஜெபியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரத்தில் அது சுற்றிக்கொண்டு வாலிபர் கூட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே அவன் வயதுப் பையன் ஒருவன், "ஒனக்காக எங்க வீட்டுல ஜெபம் பண்றோம்ல" என்று சொல்லியிருக்கிறான். அந்த வாரத்திலிருந்து வாலிபர் கூட்டத்துக்கும் போகவில்லை. ஜெபக் குறிப்பு என்று சொல்லிவிட்டால் பிறர் வீட்டு விஷயத்தை எங்கேயும் பேசலாம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நான் பேசியது என் வீட்டு விஷயம்தான். ஆனால் அது என்னுடையது இல்லை, அவனுடையது. இது எனக்கு அப்போது புரியவில்லை.

டிசம்பர் வந்தது. தையல்காரிக்கு டிசம்பர் என்றால் தூக்கம் கிடையாது. நாற்பதுக்கு மேல் பிளவுஸ், அது போகப் பிள்ளைகளின் பாவாடை சட்டை. 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. விடியும் முன்பே கொட்ட ஆரம்பித்த மழை விடவேயில்லை. காலை ஆராதனைக்குக் குடையோடு போய் நனைந்துகொண்டே வந்தோம். சாயங்காலம் வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை என்று பிறகு செய்தியில் படித்தோம். எங்கள் ஊரும் சும்மா தப்பவில்லை.

தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று படியில் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். அது பாத்ரூம் ஓட்டை வழியாக மேலே ஏறி வந்தது. கரண்ட் போனது. துணிகளை அள்ளி அலமாரிக்கு மேலே போட்டேன். மெஷினைக் கட்டில் மேல் தூக்கி வைத்தோம். பத்து நிமிஷத்தில் முழங்கால் அளவு. அத்தைக்கு மூட்டு வலி, தண்ணீரில் ஓர் அடி வைக்க முடியாது. செப்டிக் டேங்க் மூடி எங்கே திறந்து கிடக்கிறதோ என்ற பயம் வேறு. வீட்டுக்காரர் ஓசூரில். போன் போகவில்லை.

எதிர் வீடு ஒரு முஸ்லிம் குடும்பம். எங்கள் வரிசையில் அவர்களுக்குத்தான் மாடி உண்டு. அந்த வீட்டு அண்ணன் டார்ச்சோடு வந்து நின்றார். மகனும் அவருமாக அத்தையை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள். பதினாறு வயது, மெலிந்த பையன். தெருவில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. "ஆச்சி, கால ஆட்டாம இருங்க, நான் புடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே போனான். தங்கச்சியை மாடியில் விட்டுவிட்டு, பின் தெருவில் தனியாக இருந்த பாட்டியம்மாவைக் கூட்டிவர அந்த அண்ணனோடு மறுபடி இறங்கினான். போகாதே என்று கத்தினேன். அவன் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது. அவன் திரும்பி வருகிற வரை நான் செய்ததுதான் ஜெபம். அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மாடியில் ஓர் அறை, ஒரு வராண்டா. நான்கு வீட்டு ஆட்கள், பதினான்கு பேர். அந்த வீட்டு அக்கா எல்லோருக்கும் மாற்றுத்துணி எடுத்துக் கொடுத்தார்கள். கேஸ் அடுப்பில் பூண்டு போட்டுக் கஞ்சி வைத்தார்கள். அவர்கள் இரவுத் தொழுகையை முடித்துவிட்டு வந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "உங்க நேரமாச்சே, நீங்களும் ஓதிக்கிடுங்க" என்றார்கள். எதிர் வீட்டில் இத்தனை வருஷமாக எங்கள் பாட்டுச் சத்தத்தைக் கேட்டு நேரம்கூடத் தெரிந்து வைத்திருந்தார்கள். அப்படியென்றால் என் மகனைப் பற்றி நான் ஜெபித்ததையும் கேட்டிருப்பார்கள். அதுவும் அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது.

வேதப்புத்தகம் கீழே தண்ணீரில். அத்தை கண்ணை மூடிக்கொண்டு 121-ஆம் சங்கீதத்தைச் சொன்னார்கள். நம் கையில் இருப்பது 1871-இல் முடிந்த மொழிபெயர்ப்பு. பழைய சொற்கள் நிறைய, மகள் வாசிக்கும்போது தடுக்கி விழுவாள். "பர்வதம்னா என்ன ஆச்சி?" என்பாள். ஆனால் அந்தச் சங்கீதத்தில் வருகிற 'ஒத்தாசை' என்ற சொல் எங்கள் ஊரில் இன்னும் பேச்சில் இருக்கிறது. கல்யாண வீட்டில் தேங்காய் துருவக் கூப்பிட்டால்கூட ஒத்தாசைக்கு வாங்க என்றுதான் கூப்பிடுவோம். கர்த்தரிடத்திலிருந்து ஒத்தாசை வரும் என்று அத்தை சொன்னபோது, அந்த வீட்டு அக்கா கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகன் சுவரில் சாய்ந்து, காலில் கிழிந்த இடத்தைத் துணியால் அழுத்திக்கொண்டிருந்தான்.

என் முறை வந்தது. "ஆண்டவரே, இந்த வீட்டுக்காகவும் என் மகனுக்காகவும் நன்றி" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். கேட்டானா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மறுநாள் திங்கள். மழை குறைந்தது, தண்ணீர் குறையவில்லை. மத்தியானம் அந்த அக்கா வீட்டு அரிசி தீர்ந்தது. மகன் கீழே போய் எங்கள் சமையலறையில் மேல் பரணில் இருந்த டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். பிடி அரிசி டப்பா. அந்த மாதம் சேர்ந்தது ஒன்றரைக் கிலோ இருக்கும். எனக்குக் கை வரவில்லை. "அது கோயிலுக்குள்ளதுப்பா" என்றேன்.

"கோயிலுக்குக் கொடுத்தா அவங்க யாருக்கும்மா கொடுப்பாங்க?" என்று கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். அத்தை, "பொங்கும்மா" என்று சொல்லிவிட்டார்கள். பொங்கினோம், பருப்பு அந்த அக்கா கொடுத்தார்கள். பதினான்கு பேரும் சாப்பிட்டோம். பின்னால் ஐயரிடம் (எங்கள் சபை போதகரிடம்) போய், இந்த மாதம் காணிக்கை அரிசி இப்படி ஆகிவிட்டது என்று தயங்கிச் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து எங்கள் பெயருக்கு நேரே அந்த ஒன்றரைக் கிலோவை வரவு எழுதிக்கொண்டார். அதற்காக அவரை என்றைக்கும் மறக்க மாட்டேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நடுவழியில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டபோது பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துப் போட்ட செய்தி அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள் ஊரையும் தண்ணீர் சூழ்ந்துதான் இருந்தது. அந்த வாரம் எங்கள் மாவட்டம் முழுக்க இப்படிப் பல வீட்டு அரிசி பல வீட்டு வாயில் போனது.

வீட்டுக்காரர் வந்து சேர ஐந்து நாளாயிற்று. சேறு வழிப்பதிலேயே கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. மெஷின் மோட்டார் போய்விட்டது. ஒன்பது பிளவுஸில் சேற்றுக் கறை. பணம் திருப்பித் தருகிறேன் என்று ஒவ்வொரு வீடாகப் போனேன், இரண்டு பேர் மட்டும் வாங்கினார்கள். மற்றவர்கள் அலசிக் கட்டிக்கொள்கிறோம் என்றார்கள். 25-ஆம் தேதி அதிகாலை ஆராதனையில் முக்கால்வாசிப் பேர் பழைய துணிதான். மகன் வந்தான். எனக்காக வந்தானா, ஆச்சியைக் கைப்பிடித்து நடத்திவர வந்தானா தெரியாது.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஜனவரி வரை ஆயிற்று. கூச்சம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. ஒரு நாள் ராத்திரி அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்தே சொன்னேன். ஜெபத்துக்குள் வைத்து உன்னை ஏசினேன், உன் விஷயத்தைக் கோயிலில் போய்ச் சொன்னேன், இரண்டும் தப்பு, மன்னிச்சுக்கோ என்றேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா, விடுங்க" என்றான். அவ்வளவுதான். பாட்டும் வசனமுமாக மறுநாளே வந்து உட்கார்ந்துவிடவில்லை.

எங்கள் வீட்டில் மாறியது ஒன்றுதான். இப்போது யாருக்காக ஜெபித்தாலும் முதலில் அவர்களிடமே கேட்கிறேன், "ஒனக்கு என்ன ஜெபிக்கணும்?" என்று. மகள் பட்டியலே வைத்திருப்பாள். அத்தை, மூட்டு என்று மட்டும் சொல்வார்கள். எதிர் வீட்டு அக்காவிடம்கூடக் கேட்டிருக்கிறேன், மகளின் பிரசவத்துக்குக் கேட்டுக்கொண்டார்கள். மகனிடம் பல நாள் "ஒண்ணும் இல்லம்மா" என்ற பதில்தான். ஒன்றும் இல்லை என்றால் அவன் பெயரைச் சொல்லி நன்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். அப்படி நிறுத்துவதற்கு எனக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று அம்மாக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து உட்காருவான். மற்ற நாள் அறையில் இருப்பான், கதவு மட்டும் திறந்திருக்கும்.

போன வருஷம் மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. கணக்குப் பரீட்சை அன்று காலை, நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். யூனிபார்ம் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்து நின்றான்.

"அம்மா, இன்னைக்குக் கணக்கு. அதுக்கு மட்டும் ஜெபிங்க."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவன் தலையில் வைத்தேன். குனிந்து கொடுத்தான். கணக்குக்கு மட்டும் ஜெபித்தேன்.