நூலகத்தில் டிராக் குயீன் கதை நேரம்: மகளை அழைத்துப் போகலாமா?

நடைவண்டி

அமெரிக்காவில் பிள்ளை வளர்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. எங்கள் பகுதி நூலகத்தின் அடுத்த மாத நிகழ்ச்சிப் பட்டியலில், வழக்கமான சனிக்கிழமைக் கதை நேரத்துக்குப் பதிலாக ஒரு டிராக் குயீன் (பெண் வேடத்தை மிகையாகக் கட்டி மேடையேறும் கலைஞர், பெரும்பாலும் ஆண்) வந்து கதை வாசிப்பார் என்று போட்டிருக்கிறார்கள். மூன்றிலிருந்து எட்டு வயது வரை வரலாமாம். என் மகளுக்கு ஐந்து. "ஒருத்தர் நன்றாக ஜோடித்துக்கொண்டு வந்து கதை படிக்கப்போகிறார், இதில் என்ன இருக்கிறது?" என்கிறாள் மனைவி. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஏன் ஒப்பவில்லை என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லவும் வரவில்லை. இங்குள்ள தமிழ் வாட்ஸ்அப் குழுவில் வாயைக் கொடுத்தேன். பாதிப் பேர் குழந்தைகளைக் கெடுக்கிறார்கள் என்றார்கள், மீதிப் பேர் என்னைப் பிற்போக்குவாதி என்றார்கள், கடைசியில் அட்மின் குழுவையே பூட்டிவிட்டார். நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அங்கே என்னதான் நடக்கிறது என்று சொல்லுங்கள். அரசியல் வேண்டாம் (வேண்டாம் என்றால் நிற்கவா போகிறது).

நூலகத்து அக்கா

நான் ஒரு பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிறேன், இந்த நிகழ்ச்சியை நாங்களும் நடத்தியிருக்கிறோம், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை தம்பி. பாய் விரித்திருப்போம். தலையில் பெரிய விக், கழுத்து வரை மூடிய கவுன், கண்ணுக்கு மேலே புருவம் வரை மினுக்கும் பொடி, இப்படி ஒருவர் வந்து நாற்காலியில் உட்காருவார். எல்லா நூலகரும் படிப்பது போலவே புத்தகத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு படிப்பார். படப்புத்தகம் மூன்றோ நான்கோ, நடுவில் கை தட்டிப் பாடும் பாட்டு, முடிவில் கிரீடம் ஒட்டுவது, வண்ணம் தீட்டுவது. எங்கள் இடத்தில் புத்தகங்களை முன்கூட்டியே நாங்கள்தான் பார்த்துத் தேர்வு செய்தோம். தன்னைப் போல இல்லாத ஒருவரோடு சிநேகம் பிடிப்பது, புதுப் பள்ளிக்கூடம் போகப் பயப்படுவது, இந்த மாதிரிக் கதைகள். பெற்றோர் கூடவே இருக்க வேண்டும், விட்டுவிட்டுப் போக முடியாது. குழந்தைகள் கேட்ட கேள்வி பெரும்பாலும் "நீங்கள் நிஜ இளவரசியா?" என்பதுதான். ஒரு குட்டிப் பையன் விக்கை இழுத்துப் பார்க்கப் போய் அம்மாவிடம் அடி வாங்கியது தவிர வேறு கலவரம் எதுவும் இல்லை.

இது தொடங்கியது 2015இல், சான் பிரான்சிஸ்கோவில். மிஷெல் டீ என்ற எழுத்தாளர், குழந்தை பிறந்த புதிதில் நூலக நிகழ்ச்சிகளுக்குப் போய்வந்தவர், தன்னுடையது போன்ற தன்பாலினப் பெற்றோர் குடும்பங்களுக்கும் அங்கே இடம் வேண்டும் என்று ஆரம்பித்தது. இப்போது டிராக் ஸ்டோரி ஹவர் (Drag Story Hour) என்ற பெயரில் பல ஊர்களில் கிளைகள் இருக்கின்றன. ஆனால் டிராக் என்று போட்ட எல்லா நிகழ்ச்சியும் அவர்கள் நடத்துவதல்ல. அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குமரன்_டெக்சஸ்

அக்கா சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை, ஆனால் "பெரிதாக ஒன்றும் இல்லை" என்பதை ஏற்க முடியாது. முதல் விஷயம், பாதுகாப்பு. ஹூஸ்டன் பொது நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசித்த ஒருவர், சிறுவர் மீதான பாலியல் குற்றத்துக்காக முன்பே தண்டனை பெற்றவர் என்று 2019இல் வெளிவந்தது, பின்னணிச் சோதனை செய்யாமல் விட்டுவிட்டோம் என்று நூலகமே மன்னிப்புக் கேட்டது. அதற்காக டிராக் கலைஞர்கள் எல்லோரும் அப்படி என்று சொன்னால் அது அயோக்கியத்தனம், அதை நான் சொல்லவில்லை. கோயில், சர்ச், விளையாட்டுப் பயிற்சி எங்கேயும் இப்படி நடந்திருக்கிறது. ஆனால் எதிர்த்துக் கேட்பவனை வெறுப்பாளன் என்று முத்திரை குத்துகிற வேகத்தில் இந்த மாதிரி சாதாரணச் சோதனைகள் கூட நழுவிப்போகின்றன என்பது என் குறை.

இரண்டாவது, இது வெறும் கதை நேரம் என்றால் ஏன் டிராக்? இந்த அமைப்போடு தொடர்புடைய ஒரு டிராக் கலைஞரும் ஒரு கல்வித்துறைப் பேராசிரியரும் சேர்ந்து ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். விதிகளை விளையாட்டாக மீறிப் பார்ப்பது, ஆண் பெண் என்று பழகிப்போனதைக் கலைத்துப் பார்ப்பது, இதையெல்லாம் ஒரு கற்பித்தல் முறையாகவே அதில் வைக்கிறார்கள். நல்லது, அது ஒரு கொள்கை, அதைப் பேச அவர்களுக்கு உரிமை உண்டு. என் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதை எப்போது சொல்வது என்று தீர்மானிக்க எனக்கும் உரிமை உண்டு. "பிடிக்கவில்லை என்றால் வராதே" என்பார்கள். சரி, வரவில்லை. வரிப்பணம் மட்டும் என்னுடையது.

வெட்டிப்பேச்சு

ஸ்திரீபார்ட் (நாடகத்தில் ஆண் கட்டும் பெண் வேடம்) பார்த்து வளர்ந்த கூட்டம் பேசுகிற பேச்சா இது? ஔவையார் வேடம் கட்டியே பெயர் வாங்கினார் டி.கே. சண்முகம், ஊரே கொண்டாடியது. விடிய விடியத் திரௌபதியாகக் கூத்தாடுகிறவரைப் பார்க்கப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தோம்.

குமரன்_டெக்சஸ்

@வெட்டிப்பேச்சு, இது வருமென்று தெரியும். கூத்தில் அவர் திரௌபதி. பார்க்கிறவன் கண்ணுக்கும் திரௌபதிதான் தெரிவாள், கட்டியிருப்பவர் ஆணா என்பதைப் பொழுது விடிவதற்குள் மறந்தே போவான். டிராக்கில் அதை மறக்கக் கூடாது என்பதுதான் கலையே, வேடம் வேடமாகத் தெரிய வேண்டும், அதில்தான் கிண்டல், அதில்தான் எதிர்ப்பு. பெரியவர்களுக்கு நல்ல கலை, நானே பார்த்து ரசித்திருக்கிறேன். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

சட்டப்புள்ளி

வரிப்பணம் பற்றி ஒன்று. இந்தச் சண்டையில் எல்லோரும் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நூலகமே திட்டமிட்டு, தன் பெயரில் நடத்துகிற நிகழ்ச்சி ஒன்று. நூலகத்தின் கூட்ட அறையை வெளியாள் முன்பதிவு செய்து நடத்துவது இன்னொன்று. இரண்டாவதில், அறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பிறகு, உன் கருத்து பிடிக்கவில்லை என்று நூலகம் ஒருவருக்கு மட்டும் மறுக்க முடியாது. பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் அங்கேதான் வந்து நிற்கிறது. இது எதிர்த்தரப்புக்கும் சேர்த்துத்தான். 2022இல் கிர்க் கேமரான் என்ற நடிகர் தன் கிறிஸ்தவப் படப்புத்தகத்தை வாசிக்க இடம் கேட்டபோது பல நூலகங்கள் மறுத்துவிட்டதாக அவருடைய பதிப்பகம் சொன்னது, அப்புறம் இண்டியானாபொலிஸ் பொது நூலகத்தில் அறை எடுத்து அந்த டிசம்பரிலேயே வாசித்தார், பெரிய கூட்டம். டிராக் குயீனுக்குத் திறந்த கதவைத்தான் அவரும் தட்டினார். 2019இல் பழமைவாதிகளுக்குள்ளேயே டேவிட் ஃபிரெஞ்ச், சோராப் அமாரி என்ற இரண்டு எழுத்தாளர்கள் மோதிக்கொண்டது இதே புள்ளியில்தான்: இந்த நடுநிலை எங்கள் பிரார்த்தனைக் கூட்டங்களையும் காப்பாற்றுகிறது, கை வைக்காதே என்றார் ஃபிரெஞ்ச், இப்படியே போனால் நாம் தோற்போம் என்றார் அமாரி.

சட்டம் போட்டுத் தடுப்பது எப்படிப் போகும் என்பதற்கு மொன்டானாவைப் பாருங்கள். 2023 மே மாதம் பள்ளிகளிலும் பொது நூலகங்களிலும் டிராக் கதை நேரத்துக்கு என்றே பெயர் சொல்லித் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதமே ப்யூட் நகர நூலகத்தில் திருநர் வரலாறு பற்றி ஒரு திருநங்கை பேசவிருந்த உரையை, இந்தச் சட்டத்தைக் காட்டி ரத்து செய்துவிட்டார்கள். அவர் வேடம் கட்டி ஆட வரவில்லை, பெரியவர்களுக்குச் சொற்பொழிவாற்ற வந்தவர். ஜூலையில் மத்திய நீதிமன்றம் சட்டத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. சிறுவர் பார்க்கக்கூடிய இடங்களில் டிராக் போன்ற ஆட்டங்களைக் கட்டுப்படுத்தும் டென்னஸியின் சட்டத்தை 2023 ஜூனில் டிரம்ப் நியமித்த நீதிபதியே செல்லாது என்றார், வாசகங்கள் தெளிவாக இல்லை, தேவைக்கு மேல் விரிந்து கிடக்கின்றன என்று. அந்தத் தீர்ப்பை 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் புரட்டியது, அதுவும் வழக்குப் போட்டவர்களுக்கு அதற்கான தகுதி இல்லை என்ற காரணத்தில். ஆகச் சட்டம் சரியா தவறா என்பதற்கு அங்கே பதிலே வரவில்லை.

குமரன், நூலகமே நடத்தும் நிகழ்ச்சி பற்றி உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு இடம் நூலக நிர்வாகக் குழுக் கூட்டம். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், பெரும்பாலும் நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கும்.

நடைவண்டி

எல்லோருக்கும் நன்றி. உண்மையைச் சொன்னால் குமரன் சொன்ன "எப்போது சொல்வது என்று நான் தீர்மானிக்கிறேன்" என்பதுதான் என் மனசில் இருந்தது, எனக்குச் சொல்ல வரவில்லை. மனைவியோ இதைப் படித்துவிட்டு, நீ அழைத்துப் போகாவிட்டால் நான் போகிறேன் என்கிறாள், அவளும் அம்மாதானே, அவளுக்கும் அதே உரிமைதான், இப்போது எங்கே போய் முட்டிக்கொள்வது. இன்னொரு பயம்: வாசலில் ஆர்ப்பாட்டம் இருந்தால்? 2022இல் கலிஃபோர்னியாவில் சான் லொரென்சோ நூலகத்துக்குள் ப்ரௌட் பாய்ஸ் என்ற தீவிர வலதுசாரிக் கும்பலின் ஆட்கள் புகுந்து கத்தியதாகப் படித்தேன். விக்கையும் கவுனையும் என் மகள் அடுத்த நாளே மறந்துவிடுவாள், கத்துகிற ஆளை மறக்கமாட்டாள்.

நூலகத்து அக்கா

நியாயமான பயம். எங்கள் நிகழ்ச்சிக்கும் வாசலில் பதாகையோடு நின்றார்கள், இரண்டு தரப்பும். கத்தல் கொஞ்சம் இருந்தது, உள்ளே யாரும் வரவில்லை. நூலகத்துக்குத் தொலைபேசி போட்டு இந்த நான்கைக் கேளுங்கள்: நீங்களே நடத்துகிறீர்களா, அறை வாடகையா? வாசிப்பவருக்குப் பின்னணிச் சோதனை முடிந்ததா? என்னென்ன புத்தகங்கள்? பின்வாசல் வழியாக உள்ளே விடுவீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்டாலே ஏற்பாடு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம், பெரும்பாலும் முன்பதிவு கேட்பார்கள், இடம் சீக்கிரம் முடிந்துவிடும். வீட்டுச் சண்டையை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.