தாத்தாவுக்குப் படித்துக்காட்ட ஒரு நாவல் வேண்டும்

வணக்கம். நாங்கள் கேரளத்துப் பொழியூர், பக்கத்திலேயே தமிழ்நாட்டு நீரோடி. தாத்தா பழைய தூண்டில்காரர், இப்போது கண் மங்கிவிட்டது. ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட கிழவனும் கடலும் கதையை அவருக்கு வாயால் சொன்னேன். கிழவன் சாந்தியாகோவுக்கு 84 நாளாக மீனே படவில்லை, 40 நாள் கழிந்ததும் பையன் மனோலினைப் பெற்றோர் வேறு படகுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றதும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"அப்புறமும் பையன் வந்தானா?"

வந்தான் தாத்தா, கயிறு தூக்க தினமும் வந்தான், கடைசியில் கிழவனின் கைப்புண்ணைப் பார்த்து அழுதான் என்றேன். அதிலிருந்து வரிக்கு வரி படித்துக்காட்டச் சொல்கிறார். இங்கே எனக்குக் கிடைத்தது மலையாளப் பிரதிதான். அவருக்குத் தமிழில் கேட்டால்தான் மனசுக்குள் இறங்கும். தமிழ் மொழிபெயர்ப்பு யாரிடமாவது இருக்கிறதா? பழசானாலும் சரி, தபால் செலவு என்னுடையது. படித்துவிட்டு பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன்.