நெட் இல்லாமல் வைஃபையிலேயே நேரலை ஓட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

கோபி பக்கத்திலிருந்து:

சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு வள்ளி கும்மி அரங்கேற்றம் வைத்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மருமகள்கள், நடுவயதுக்காரர்கள் என்று 80 பேர் நாலு மாதம் ராத்திரி ராத்திரி பழகியது. வட்டமாகச் சுற்றி ஆடுகிற ஆட்டம், அதனால் ஓரத்தில் நிற்கிற நாலு வரிசைக்குத்தான் தெரியும். முண்டியடித்து முன்னால் வரமுடியாத அப்பாரு ஆத்தாக்கள் எல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஒரு டிவி வைத்து ஆட்டத்தைக் காட்டவேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை.

நோம்பி அன்றைக்கு எங்கள் ஊரில் போனில் நெட் நகராது, யூடியூபில் ஏற்றித் திரும்ப இறக்கிப் பார்க்கும் பேச்சே இல்லை. சரி, இங்கே எடுப்பது இங்கேயே ஓடட்டும் என்று முடிவு செய்தேன். கேமராவிலிருந்து லேப்டாப், அதில் கேமரா படத்தை நேரலையாக அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருள், அதே லேப்டாப்பில் மீடியாஎம்டிஎக்ஸ் என்ற இலவச சர்வர், அங்கிருந்து ரவுட்டர், டிவியில் செருகிய ஆண்ட்ராய்டு பாக்ஸில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர். படம் ஆர்டிஎம்பி என்ற முறையில் சர்வரின் 1935 போர்ட் (வாசல் எண்) வழியாக உள்ளே போய், ஆர்டிஎஸ்பி என்ற முறையில் 8554 வழியாக வெளியே வரும். இதற்கு ஒரு பைசா நெட் வேண்டாம், ரவுட்டரில் சிம்மோ ஃபைபரோ இல்லாமலே ஓடும்.

மதியம் ஓட்டிப் பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. ராத்திரி கூட்டம் சேர்ந்ததும் படம் நின்று நின்று வந்தது, அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. காரணம் இரண்டு. ரவுட்டரை மேசை மேல் வைத்திருந்தேன், அதற்கும் டிவிக்கும் நடுவில் முந்நூறு பேர் நிற்கிறார்கள், மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பாதி வழியிலேயே குடித்துவிடும். இரண்டாவது, இளவட்டங்கள் கேட்டார்களே என்று பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தேன், 40 போனில் திறந்துவிட்டார்கள். ஒரு போனுக்கு வினாடிக்கு 3 மெகாபிட் என்றால் 120 ஆகிறது. பெட்டியின் மேல் 300 என்று போட்டிருந்தாலும் அந்தக் கூட்டத்தில் கைக்கு வருவது முப்பதோ நாற்பதோதான், அதையும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும், கடைசியில் நிற்கும் ஒரு போன் மெதுவாக இழுத்தால் அது பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் மற்ற எல்லோருக்கும் நஷ்டம்.

ஒரே தடவை அனுப்பினால் எல்லோரும் பிடித்துக்கொள்வார்களே என்று மல்டிகாஸ்டும் போட்டுப் பார்த்தேன். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒருவருக்கென்று போகும் பாக்கெட் (படத் தகவலின் சிறு துண்டு) தொலைந்தால் வைஃபை திரும்ப அனுப்பும், மல்டிகாஸ்டில் அது கிடையாது, அதோடு எல்லோருக்கும் எட்டவேண்டும் என்று மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பும். ஒயரில் அருமையாக ஓடும் முறை, காற்றில் வேலைக்கு ஆகவில்லை.

கடைசியில் சவுண்ட் சர்வீஸ் தம்பி ஏணி எடுத்து வந்தார். 60 மீட்டர் லேன் ஒயரை டியூப்லைட் கம்பங்கள் மேலேயே கட்டி டிவி வரைக்கும் இழுத்தோம், 100 மீட்டர் வரை போகலாம் என்பதால் கவலை இல்லை. ரவுட்டரைக் கம்பத்தில் பத்தடி உயரத்தில் கட்டி, 2.4ஐ அணைத்துவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வைத்து, பாஸ்வேர்டை மாற்றினேன்.

அதற்கப்புறமும் ஒன்று இருந்தது, இதை யாரும் முன்னாடி எனக்குச் சொல்லவில்லை. பாட்டு ஸ்பீக்கரிலிருந்து நேராகக் காதுக்கு வருகிறது, படம் ஒரு வினாடிக்கு மேல் பிந்தி வருகிறது. கும்மி என்பதே கைதட்டு, தாளம் ஒரு பக்கம் கை ஒரு பக்கம் என்றால் பார்க்கவே முடியாது. விஎல்சியில் நெட்வொர்க் கேச்சிங் என்று, படத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு பிந்திக் காட்டும் அமைப்பு ஒன்று இருக்கிறது, வரும்போதே 1000 மில்லிசெகண்ட் என்றிருக்கும். ஒயர் வந்துவிட்டதால் அதைத் துணிந்து 150க்குக் குறைத்தேன். ஸ்பீக்கர் ஆட்டக்களத்திலேயே இருந்தது, சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், மரத்தடிக்கு வரவே 0.18 வினாடி ஆகிறது. அந்தத் தாமதமும் கூடச் சேர்ந்து கையும் தாளமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. டிவி சத்தத்தை அணைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஆத்தா பேத்தி ஆடுவதைத் திரையில் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது இப்ப ஆடறதா?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டதை மறக்கமாட்டேன்.

காங்கேயத்திலிருந்து:

எங்களுடையது மனிதர்களுக்கு இல்லைங்க, மாட்டுக்கு. மாட்டுப் பட்டி வீட்டிலிருந்து 250 மீட்டர் தள்ளிக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், இருக்கிறது. மாடு தலைச்சன் சினை (முதல் ஈற்று), எப்போது ஈனும் என்று தெரியாமல் நானும் அப்பாவும் மாறி மாறி ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு நடந்தோம், ஆள் வந்தாலே அது எழுந்துகொள்கிறது. அப்புறம் பட்டியில் கேமரா வைத்து, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரேடியோ ஒரு ஜோடி வாங்கி, ஒன்றை வீட்டு மாடியிலும் ஒன்றைப் பட்டிக் கம்பத்திலும் நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி மாட்டினேன். கிளுவை வேலி தாழ்வுதான், தொந்தரவு இல்லை. நடுவில் ஒரு வெள்வேல மரம். காய்ந்த நாளில் ஓடியது, மழை பெய்து இலை நனைந்த ராத்திரியில் சிக்னல் விழுந்துவிட்டது. மரத்தை வெட்ட மனசு வரவில்லை, பைப்பை எட்டடி உயர்த்தி அலையை மரத்துக்கு மேலே கொண்டுபோனேன்.

படம் சாம்பல் பூத்து இழுத்துக்கொண்டு வந்தால், ஆர்டிஎஸ்பியை யுடிபியிலிருந்து (தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத முறை) டிசிபிக்கு (திரும்ப அனுப்பும் முறை) மாற்றிப் பாருங்க. கொஞ்சம் பிந்தி வரும், ஆனால் தொலைந்த பாக்கெட் திரும்ப வந்துவிடும், மாடு பார்க்க ஒரு வினாடி தாமதம் ஒன்றும் செய்யாது. கேமராவில் இரண்டாவதாக ஒரு சின்ன ஸ்ட்ரீம் இருக்கும், ராத்திரிக்கு அதுவே போதும்.

மூன்று மணிக்கு முன்னால் போனில் பார்க்கிறேன், முன்னங்கால் வெளியே வந்துவிட்டது. ஓடினோம். நைட் விஷனில் எல்லாம் கறுப்பு வெள்ளைதான், பக்கத்தில் போய் டார்ச் அடித்த பிறகுதான் கன்றின் செவலை நிறம் தெரிந்தது. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதம் வாக்கில்தான் நிறம் மாறும்.

இடிமழைக் காலத்தில் ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்க, கம்பம் உயரமாக இருக்கிறது.

பல்லடத்திலிருந்து:

விசைத்தறி குடோனில் பழைய போனைக் கேமராவாக வைத்தேன். நூல் அறுந்து தறி நின்றால் ஆபீஸ் அறையிலிருந்தே தெரியட்டும் என்று. முதல் இரண்டு நாள் படமே வரவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் போன் கெஸ்ட் நெட்வொர்க்கில் (வருகிறவர்களுக்கென்று ரவுட்டர் தனியாகக் கொடுக்கும் வைஃபை) இருந்தது, அதில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க ரவுட்டர் விடாது. இது தெரியாமல் நிறையப் பேர் கஷ்டப்படுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன். அப்புறம் கரண்ட் போய் வந்தால் ஐபி முகவரி (ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் எண்) மாறிவிடலாம், ரவுட்டரிலேயே அந்தப் போனுக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்க.

தகரக் கூரையும் தகரச் சுவரும் இருந்தால் வெளியே ரவுட்டர் வைத்து உள்ளே எதிர்பார்க்காதீங்க, தகரம் அலையைத் திருப்பி அடித்துவிடும். உள்ளேயே ஒன்று வைத்து ஒயர் கொடுக்கணும். போன் ஆப் எம்ஜேபெக் முறையில் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாக அனுப்பும், எச்.264 மாறினதை மட்டும்தான் அனுப்பும், அந்த வசதி இருந்தால் அதற்கு மாற்றுங்க, நெட்வொர்க் பாரம் நன்றாகக் குறையும். இன்னொன்று முக்கியம். 24 மணி நேரமும் சார்ஜில் இருந்து போன் பேட்டரி உப்பிவிட்டது, பஞ்சு பறக்கிற இடம், நெருப்புப் பிடித்திருந்தால் என்ன ஆவது. அன்றைக்கே கழற்றிவிட்டு ஒயர் கேமரா போட்டேன்.

கோபி பக்கத்திலிருந்து:

பல்லடம் நண்பருக்கு நன்றிங்க, கெஸ்ட் நெட்வொர்க் விஷயம் எங்கள் கல்யாண மண்டபத்திலும் நடந்திருக்கிறது. மேலே முகூர்த்தம், கீழே சாப்பாட்டுக் கூடத்தில் டிவி, மண்டபத்து வைஃபையில் இரண்டும் இருந்தும் படம் வரவில்லை. என் ரவுட்டரைத் தனியாக வைத்த பிறகுதான் கீழே தாலி கட்டுவதைப் பார்த்தார்கள். இப்போது எங்கே போனாலும் ரவுட்டரும் 100 மீட்டர் ஒயரும் பையிலேயே இருக்கிறது.

காங்கேயத்து அண்ணா, கன்றுக்கு நிறம் மாறினதும் ஒரு படம் போடுங்க.