ஸ்கேனில் “இன்ட்ராம்யூரல்” என்றிருக்கிறது, டாக்டர் எழுதவில்லை: டி25.1 போடலாமா?

இரவுப்பணி, சென்னை:
கோடிங்குக்கு (சார்ட்டில் உள்ள நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடும் வேலை) வந்தது அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் உள்நோயாளி சார்ட். 41 வயதுப் பெண். கர்ப்பப்பையை எடுக்காமல், வயிற்றைத் திறந்து கட்டியை மட்டும் அகற்றியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவை மருத்துவர் எழுதியிருப்பது “ஃபைப்ராய்ட் யூட்ரஸ், மெனோரேஜியா” (கர்ப்பப்பைத் தசைக்கட்டி, அதிக மாதவிடாய்ப் போக்கு) மட்டுமே. அறுவைக்கு முந்தைய அல்ட்ராசவுண்ட் அறிக்கையிலோ “முன்சுவரில் 5.2 செ.மீ. இன்ட்ராம்யூரல் ஃபைப்ராய்ட்” என்று தெளிவாக இருக்கிறது. இடம் குறிப்பிடாத ஃபைப்ராய்டுக்கான டி25.9 போட்டேன். இன்ட்ராம்யூரலுக்கு, அதாவது தசைச் சுவருக்குள் இருக்கும் கட்டிக்கு உரிய டி25.1 போட்டிருக்க வேண்டும் என்று ஆடிட்டில் பிழை குறித்துவிட்டார்கள். மருத்துவர் எழுதாததைக் கோடர் எழுதக்கூடாது என்றுதானே நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள்?

கோவை ஆடிட்டர்:
பிழை குறித்தது சரிதான். நோய் எது என்று சொல்வது மருத்துவரின் வேலை. அதை அவர் சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பது இடம் மட்டும். மருத்துவர் ஏற்கெனவே உறுதிசெய்த நோய்க்கு, அது இருக்கும் இடத்தை எக்ஸ்ரே அறிக்கை கூடுதலாகச் சொன்னால் அதைக்கொண்டு கோடு போடலாம் என்று கோடிங் விளக்கங்களை வெளியிடும் “கோடிங் கிளினிக்” இதழ், 2013ஆம் ஆண்டின் முதல் காலாண்டு வெளியீட்டில் அனுமதித்திருக்கிறது. இது புதிய கெடுபிடியும் இல்லை. முந்தைய நோய்க்கோடு பட்டியலான ஐசிடி-9 காலத்திலேயே 218.0, 218.1, 218.2 என்று இடவாரியாகப் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். சார்ட்டில் கண்ணெதிரே விடை இருக்கும்போது டி25.9 போடுவதை என்னால் ஏற்க முடியாது.

திருச்சிப் பயிற்றுநர்:
ஆடிட்டர் சார், அந்த விளக்கம் எலும்பு முறிவைப் பற்றிய கேள்விக்கு வந்த பதில். எந்த எலும்பு, எந்தப் பக்கம் என்பதில் எக்ஸ்ரேக்கும் மருத்துவருக்கும் இடையே கருத்து வேறுபாடு எழ வாய்ப்புக் குறைவு. ஃபைப்ராய்டில் கேள்வியே வேறு. கட்டி உள்வரிச் சவ்வுக்கு அடியிலா (சப்மியூகஸ்), தசைச் சுவருக்குள்ளா (இன்ட்ராம்யூரல்), வெளியுறைக்கு அடியிலா (சப்சீரோசல்) என்பதை ஸ்கேன் ஒரு விதமாகவும் கத்தி ஒரு விதமாகவும் சொல்லும். வயிற்றைத் திறந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கேட்காமல், திறப்பதற்கு முன் எடுத்த படத்தை நம்பிக் கோடு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரவுப்பணி, அறுவைக் குறிப்பில் என்ன இருக்கிறது? அதைப் போடுங்கள்.

இரவுப்பணி, சென்னை:
இதோ, தமிழில் தருகிறேன்: “முன்சுவரின் தசையைக் கீறிக் கட்டிகள் பிரித்தெடுக்கப்பட்டன. கர்ப்பப்பை உட்குழி திறக்கப்படவில்லை. தசை அடுக்கடுக்காகத் தைக்கப்பட்டது.” இன்ட்ராம்யூரல் என்ற சொல் எங்கும் இல்லை.

கோவை ஆடிட்டர்:
தசையைக் கீறி எடுத்தார், உட்குழியைத் திறக்கவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஸ்கேன் சொன்னதை அறுவையே உறுதிசெய்கிறது.

மகப்பேறு மருத்துவர், மதுரை:
கோடிங் என் துறை இல்லை, ஆனால் இந்த அறுவையைச் செய்கிறவள் என்பதால் சொல்கிறேன். தசையைக் கீறினார் என்பதிலிருந்து கட்டி முழுவதும் தசைக்குள் இருந்தது என்று முடிவுகட்ட முடியாது. வெளியே புடைத்துக்கொண்டு, பாதிக்கு மேல் தசைக்குள் புதைந்த கட்டிக்கும் அப்படித்தான் கீறுவோம். சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ 2011இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அது 5ஆம் வகை, சப்சீரோசல் பிரிவில் வருவது. 0, 1, 2 உட்குழியை ஒட்டியவை. 3, 4 தசைக்குள் இருப்பவை. உட்பக்கமும் வெளிப்பக்கமும் தொடும் கட்டிக்கு 2-5 என்று இரண்டு எண் எழுதுகிறோம். ஒரே பெண்ணுக்கு மூன்று இடத்திலும் கட்டிகள் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வந்து எழுதும்போது “ஃபைப்ராய்ட்” என்று முடித்துவிடுகிறோம். எங்கே இருந்தது என்பது அந்த நேரத்தில் கைக்குத் தெரியும், தாளில் ஏறாது. அடுத்த முறை அவள் கருவுற்றால், உட்குழி திறக்கப்பட்டதா, எவ்வளவு ஆழம் கீறினார்கள் என்பதைத்தான் பிரசவம் பார்ப்பவர் முதலில் தேடுவார்.

திருச்சிப் பயிற்றுநர்:
நன்றி, டாக்டர். இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்கேனில் ஒரு கட்டி. அறுவைக் குறிப்பில் “கட்டிகள்”. அந்த இன்னொன்று எங்கே இருந்தது? அது வெளியுறைக்கு அடியில் இருந்திருந்தால் டி25.1, டி25.2 இரண்டையும் போட வேண்டும். ஆடிட்டர் சார் சொல்லும் டி25.1 அப்போது பாதி விடைதான். அறுவை மருத்துவரின் கட்டணத்துக்குக் கோடு போடுபவருக்கும் இந்தத் தகவல் வேண்டும். நான்கு கட்டிகள் வரை, மொத்தம் 250 கிராமுக்குள் என்றால் சிகிச்சைக்கான சிபிடி கோடு 58140. தசைக்குள் ஐந்தோ அதற்கு மேலோ, அல்லது எடை கூடினால் 58146.

கோவை ஆடிட்டர்:
பன்மையைக் கவனிக்கத் தவறிவிட்டேன், அது நியாயமான வாதம். இந்தச் சார்ட்டுக்குக் குவெரி, அதாவது மருத்துவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்பலாம். ஆனால் ஸ்கேனில் ஒன்று, அறுவையிலும் ஒன்று, எங்கும் முரண் இல்லை என்றால் நான் டி25.1தான் கேட்பேன். ஒவ்வொரு ஃபைப்ராய்டுக்கும் குவெரி அனுப்பினால் மருத்துவர்கள் பதில் தருவதையே நிறுத்திவிடுவார்கள். உண்மையிலேயே கேட்டாக வேண்டிய இடத்தில் நமக்குப் பதில் கிடைக்காது.

இரவுப்பணி, சென்னை:
கேட்டாக வேண்டிய இடம் இதே சார்ட்டில் இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.8இலிருந்து 7.1க்கு இறங்கி, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இரத்தசோகை என்று யாரும் எழுதவில்லை.

கோவை ஆடிட்டர்:
அதற்குக் கட்டாயம் குவெரிதான். ஆய்வக எண்ணைப் பார்த்து நாம் டி62 (திடீர் ரத்த இழப்பால் இரத்தசோகை) போடக்கூடாது. டி62 சேர்ந்தால், வேறு சிசி (தொகையைக் கூட்டும் சிக்கல் அல்லது துணைநோய்) இல்லாத சார்ட் டிஆர்ஜி எனும் கட்டணப் பிரிவு 743இலிருந்து 742க்குப் போய்விடும், மருத்துவமனைக்கு வரும் தொகையே மாறும். கேள்வியில் விடையைத் திணித்துவிடாதீர்கள்.

திருச்சிப் பயிற்றுநர்:
எப்படியும் ஒரு குவெரி போகத்தான் போகிறது. இடத்தையும் அதிலேயே கேளுங்கள். மருத்துவருக்கு ஒரே வேலை. 9.8 என்பது ஏற்கெனவே குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். மாதவிடாயில் நாள்பட ரத்தம் இழந்து வந்த இரும்புச்சத்துக் குறைவு என்றால் டி50.0, அறுவையில் திடீரென இழந்தது என்றால் டி62. இரண்டுமே இருக்கலாம். மெனோரேஜியாவுக்கு என்92.0ஐ விட்டுவிடாதீர்கள், எல்லா ஃபைப்ராய்டும் ரத்தப்போக்கைத் தருவதில்லை.

இரவுப்பணி, சென்னை:
அனுப்பிவிட்டேன்: “அகற்றிய கட்டிகள் ஒவ்வொன்றும் இருந்த இடத்தைக் குறிப்பிடவும்: சப்மியூகஸ், இன்ட்ராம்யூரல், சப்சீரோசல், வேறு, கூற இயலவில்லை. ஹீமோகுளோபின் 9.8, பிறகு 7.1, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றப்பட்டது. இதற்குரிய நோயறிதல் இருந்தால் எழுதவும்: திடீர் ரத்த இழப்பால் இரத்தசோகை, நாள்பட்ட ரத்த இழப்பால் இரத்தசோகை, இரண்டும், வேறு, கூற இயலவில்லை.” பதில் வரும் வரை சார்ட்டை நிறுத்திவைத்திருக்கிறேன். ஆடிட் பிழையை மறுத்து, அறுவைக் குறிப்பின் அந்த வரியையும் இணைத்து எழுதியிருக்கிறேன்.