மறு: ரிஃபிள், பூல், கிரீக் – தமிழில் என்ன?

ஐயா, வணக்கம். ஆற்று வாழிடக் கணக்கெடுப்புப் படிவத்துக்காக நீங்கள் அனுப்பிய தமிழ்ச் சொற்பட்டியலைப் பார்த்தேன்.

> பிசிக்கல் ஹேபிடட் = இயற்பியல் வாழிடம்; கிரீக் = கழி; பூல் = குட்டை; ரிஃபிள் = சலசலப்பு

முதல் சொல்லை உடனே விட்டுவிடலாம். இயற்பியல் என்றதும் நெம்புகோலும் கப்பியும்தான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு ஆற்றின் அகலம், ஆழம், வாட்டம், அடியில் கிடக்கும் கல், கரைமர நிழல் பற்றியது. 'வாழிட அமைப்பு' போதும்.

கழியும் சரிப்படாது. அது உப்புநீர் ஏறி இறங்கும் கடலோரத்துச் சொல். மலையிலிருந்து பாலாற்றுக்கு இறங்கும் ஓடையை ஆம்பூர், வேலூர்ப் பக்கம் கானாறு என்பார்கள். மழை பெய்தால் சீறிக்கொண்டு வரும், அப்புறம் வெறும் கல்லும் மணலும்தான். அதையே எடுத்துக்கொள்வோம். பொன்னையாறு, குடியாத்தத்துக் கௌண்டன்ய மகாநதி போன்றவை துணையாறுகள். (தயவுசெய்து கிளையாறு வேண்டாம். கொள்ளிடம் மாதிரிப் பிரிந்து போவதுதான் கிளையாறு.)

குட்டை தரையில் தேங்குவது. ஆற்றுக்குள் நீர் அரித்த பள்ளத்துக்கு மடு என்ற சொல் இருக்கிறது. ஆம்பூர் அருகே ஆனைமடுகு என்று ஊர்வழக்கிலேயே நிற்கிறது. என் ஓட்டு மடுகுக்கு.

ரிஃபிள் என்பது ஆழமில்லாமல் கல்மேல் நீர் துள்ளி ஓடும் இடம். அதற்கு வைத்த சலசலப்பில்தான் எனக்குப் பெரிய தகராறு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடும் (ஓட வேண்டிய) பாலாற்றில், சித்திரை வெயிலில் படிவத்தோடு நிற்பவர் எதைக் கேட்டுச் சலசலப்பு என்று குறிப்பார்? நீர் போனாலும் படுகையின் வடிவம் போவதில்லை. கல் குவிந்து உயர்ந்த இடம், அடுத்து அரிபட்ட பள்ளம், மறுபடி கல். ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பெரும்பாலும் ஓடையின் அகலத்தைப் போல 5 முதல் 7 மடங்கு. எனவே ஓசையை விட்டு வடிவத்தைப் பிடிப்போம்: கல்மேடு. சரளைமேடு என்றும் யோசித்தேன், ஆனால் சரளை என்பதை 2 முதல் 64 மி.மீ. வரையுள்ள கல்லுக்கு ஏற்கெனவே ஒதுக்கிவிட்டோம். மலையடியில் அதைவிடப் பெரிய கல்தான் மேடு கட்டுகிறது.

எம்பெடட்னஸ் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது. 'புதைவு' என்று வைக்கலாம். கானாற்றில் ஒரு கல்லை எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மேல்பாதியில் காய்ந்த பாசி கறுத்திருக்கும், கீழ்ப்பாதி வெளிறி ஈரமணல் ஒட்டியிருக்கும். நடுவில் கோடு போட்டது போலத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே கல்லில் எத்தனை பங்கு என்பதுதான் புதைவு. முக்கால் பங்கு புதைந்த கல்லுக்கு அடியில் பூச்சிப்புழு ஒளிய இடுக்கு இருக்காது, அதைத் தின்ன வரும் மீனுக்கும் வேலை இருக்காது. இதைப் 'பதிவு' என்று சிலர் எழுதுகிறார்கள். பத்திர ஆபீஸ் ஞாபகம்தான் வருகிறது.

ரன் (நீர் துள்ளாமல் ஒரே சீராக ஓடும் பகுதி) என்பதற்கு 'சமவோட்டம்' தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுவும் வறண்ட படுகையில் உதவாது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

இன்னொன்று, படிவத்தில் 'மணற்குழி' என்று தனிக் கட்டம் வேண்டும். பாலாற்றில் மணல் அள்ளிய குழியில் மழைநீர் நின்றால் பார்ப்பதற்கு மடுகு போலவே இருக்கும். புதிதாக வருகிற மாணவர்கள் அதையும் மடுகுக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் அள்ள அள்ள ஆற்றின் வாழிடம் பெருகுவதாக அறிக்கை சொல்லும்.