சேலம் சிறையிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரிக்குத் திரும்புகிறவர்களுக்கு முதலில் எது: தொழிலா, ஆதார், உரிமம் போன்ற அட்டைகளா?

ஓசூர்வாசி:
சிறையில் தையல் பழக்கி அனுப்பினால் போதும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்டால் அங்கேயே கதை முடிந்தது. மிஞ்சுவது லாரி ஓட்டுவது. கனரக வாகன ஓட்டுநர் உரிமம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். காலாவதியாகி ஓராண்டு தாண்டினால், 2019 திருத்தச் சட்டப்படி மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். உள்ளே இருக்கும்போது அந்தத் தேதியை யார் பார்க்கிறார்கள்?

பென்னாகரத்தான்:
அட்டை சோறு போடாதுங்க. தையல்காரரிடம் யாரும் போலீஸ் சான்று கேட்பதில்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது: பயிற்சிச் சான்றிதழில் சிறையின் பெயர் இருந்தால் அதை வெளியே எடுக்கவே கூசுவார்கள். தேர்வு நடத்தும் துறையின் பெயரில்தான் தர வேண்டும். மெஷின் வாங்கக் கடனும் கூடவே வேண்டும்.

ஓசூர்வாசி:
அந்தக் கடன் எந்தக் கணக்கில் விழும்? சிம்மை 90 நாள் பயன்படுத்தாவிட்டால் இணைப்பு போய், எண் வேறொருவருக்குப் போகலாம். அப்புறம் ஆதார் ஓடிபி அவருக்குத்தான். 2 ஆண்டு வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கும் முடங்கிவிடும். எனவே முதலில் சிறைக்குள்ளேயே ஆதார் முகாம். கைரேகை வைத்து, வீட்டாரின் போன் எண்ணைச் சேர்க்க வேண்டும். அடுத்து வங்கி, அதன்பின் ரேஷன் கார்டில் பெயர். வரிசை மாறினால் ஒவ்வொரு இடத்திலும் திருப்பி அனுப்புவார்கள்.

அரூர் அக்கா:
விடுதலைத் தேதி முன்கூட்டியே தெரியும் என்று வைத்துப் பேசுகிறீர்கள் இரண்டு பேரும். ஆயுள் தண்டனைக்காரருக்கு விடுதலை அரசாணை எப்போது வரும் என்று தெரியாது. விசாரணைக் கைதிக்கு ஜாமீன் எந்த நாளும் வரலாம். தண்டனை தொடங்கும்போதே வெளிவாழ்வை யோசிக்க வேண்டும் என்கிறது கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 107ஆம் விதி. கைதி சில நாள் வீட்டுக்கு வந்து போகும் சாதாரண விடுப்புக்காக நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரிப்பார் இல்லையா? பாதிக்கப்பட்டவர் வீடு அதே தெருவிலா என்பதை அப்போதே கேட்டு, ஆமென்றால் வேறு உறவினர் வீட்டைப் பேசி வைக்க வேண்டும். காசநோய்க்கு 6 மாத மாத்திரையில் பாதியில் வெளியே வருகிறவர் கையில் நிக்ஷய் எண்ணும் (காசநோயாளிக்கான அரசுப் பதிவு எண்), ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து நின்று நோய் முற்றும். சாயங்காலம் விட்டால் அஞ்செட்டிக்காரர் சேலம் பஸ் ஸ்டாண்டிலேயே படுக்க வேண்டியதுதான், காலையில் விடுங்கள்.

பென்னாகரத்தான்:
காலையில் விடச் சொல்வது நியாயம் அக்கா. விடுப்பு நாளிலேயே வங்கி, ஆதார் வேலையை முடித்துவிடலாமே?

அரூர் அக்கா:
வழிக்காவல் இல்லாத விடுப்பென்றால் முடியும் தம்பி. காவலோடு வருகிறவர் போலீசோடு வங்கி வாசலில் நின்றால் ஊரே பார்க்கும். அவருக்கு ஓசூர்வாசி சொன்ன முகாம்தான் வழி.