'சிகாகோ' மியூசிக்கல்: கம்பிக் கூண்டு இல்லாமல் சிறைக் காட்சி போட முடியுமா?

திரைச்சீலை:
'சிகாகோ' இசை நாடகத்தில், குக் கவுண்டி சிறையிலுள்ள ஆறு பெண்கள் தங்கள் கொலை வழக்கைச் சொல்லும் 'செல் பிளாக் டாங்கோ' பாடலை ஒத்திகை பார்க்கிறோம். உரிமம் வாங்கியாயிற்று. ஒவ்வொருவரும் பேசி முடித்து கோரஸ் திரும்பும் இடத்தில் தாளம் உடைகிறது. ஆறு கூண்டு செய்யப் பணமில்லை, பக்கமேடையில் வைக்க இடமும் இல்லை. கூண்டு இல்லாவிட்டால் சிறை என்று புரியுமா?

ஒளிக்காரன்:
நன்றாகவே புரியும். கம்பிகளும் சிவப்புத் துணியும் 2002 படத்தில் வந்தவை. இன்றும் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் ஓடுவது 1996 மறு தயாரிப்பு. நியூயார்க் சிட்டி சென்டரில் கச்சேரி பாணியில் போட்ட வடிவத்திலிருந்து வளர்ந்தது அது. மேடை நடுவில் இசைக்குழு, கறுப்பு உடைகள், நாற்காலிகள், அவ்வளவுதான்.

கைப்பிடி இல்லாத, நேர்முதுகு உள்ள ஆறு மர நாற்காலி எடுங்கள். கால்களுக்கு ரப்பர் குமிழ் அவசியம். இல்லாவிட்டால் இழுக்கும் சத்தம் மைக்கில் ஏறும். நான்கு கால் இடத்தையும் தரையில் டேப்பால் குறியுங்கள். நாற்காலி ஒரு சாண் விலகினாலே ஆள் ஒளி வட்டத்துக்கு வெளியே போய்விடுவார்.

முன்விளக்கைக் குறைத்து இரு பக்கமிருந்தும் தோள் உயரத்தில் அடியுங்கள். கம்பி வேண்டுமென்றால் கோபோ (விளக்கின் முன் செருகும், வடிவம் வெட்டிய தகடு) போட்டு நிழலாகத் தரையில் விழ வையுங்கள். பிவிசி குழாயில் கூண்டு கட்டவே கட்டாதீர்கள். நீளக் குழாய் வளையும், யாராவது பிடித்து ஆடினால் மொத்தமும் ஆடும்.

தாளக்கட்டு:
பேச்சுக்கு அடியில் ஒரே இசைத்துண்டு சுழன்றுகொண்டிருக்கும். நடிகை சிரிப்புக்காக நிறுத்தினால் பேச்சு நீளும், பியானோ மட்டும் எண்ணிக்கைப்படி போய்விடும். அங்கேதான் உடைகிறது. ஒவ்வொரு பேச்சிலும் கடைசி வரிக்கு முந்தைய வரியை 'எச்சரிக்கை வரி' என்று குறியுங்கள். அதைக் கேட்டதும் இசைக்குழுவை நடத்துபவர் கையைத் தூக்குவார், கடைசி வரி முடிந்ததும் அந்தச் சுழற்சியின் முடிவில் இசையைக் கோரஸுக்கு நகர்த்துவார். ஒத்திகையில் முதலில் மெட்ரோனோமோடு (சீராகத் தாளம் தட்டும் கருவி) பேச்சு மட்டும், பிறகு அடவு. அடவையும் சின்னதாக வையுங்கள். இந்த நாடகத்துக்கு முதலில் நடனம் அமைத்த பாப் ஃபாசியின் பாணிக்கு உயிர் மணிக்கட்டிலும் தோளிலும் இருக்கிறது; கையைப் பெரிதாக வீசினால் மூச்சு வாங்கி, வசனம் தாமதமாகும்.

பின்வரிசை:
நான்காவதாகப் பேசும் கைதி ஹுன்யாக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. காட்சியின் நடுநரம்பே அவள்தான். மற்றவர்கள் செய்ததற்கு நியாயம் சொல்கிறார்கள். அவள் மட்டும் ஹங்கேரிய மொழியில் தான் நிரபராதி என்கிறாள். இரண்டாம் பாதியில் தூக்கிலிடப்படுவதும் அவள்தான். நிஜத்திலும், 1923இல் அதே சிகாகோவில் சபெல்லா நிட்டி என்ற இத்தாலியப் பெண்ணுக்கு, ஆங்கிலம் சரியாகத் தெரியாத நிலையில், தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீட்டில் தப்பினார்.

அதனால் அவள் பேச்சைக் கோமாளித்தனமாக்காதீர்கள், திரையில் மொழிபெயர்ப்பும் போடாதீர்கள். புரியாமல் போவதுதான் அங்கே நடக்கிற அநியாயம். உச்சரிப்புக்கு: ஹங்கேரியில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில். தனி 's' எழுத்துக்கு 'ஷ்' ஒலி, 'sz' வந்தால் 'ஸ்'.

திரைச்சீலை:
மிக்க நன்றி. ஆறு காலர் மைக்கும் திறந்தே இருந்தால் இரைகிறது. என்ன செய்யலாம்?

ஒளிக்காரன்:
பேசுகிறவர் மைக்கை மட்டும் முழுதாக ஏற்றி, மற்ற ஐந்தையும் 6 டெசிபல் இறக்குங்கள். கோரஸ் திரும்பும்போது ஆறும் ஒரே மட்டம். காலரிலிருந்து கழற்றி நெற்றி மயிர்க்கோட்டில் ஒட்டினால் உடை உரசும் சத்தமும் போகும். ஒலிக்காரர் கையில் பேச்சு வரிசை எழுதிய தாள் இருக்கட்டும்: லிஸ், ஆனி, ஜூன், ஹுன்யாக், வெல்மா, மோனா.